குழந்தைகளோடு கடற்கரையில் நிச்சயதார்த்தப் படம் எடுக்கப் போகிறீர்களா?

நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் ஜோடியாகக் கடற்கரையில் எப்படிப் படம் எடுத்துக்கொள்வது என்று சொல்ல சென்னையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த ஜோடிக்கு ஏற்கெனவே குழந்தைகள் இருந்தால் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆளில்லை. எனக்கு இது இரண்டாவது கல்யாணம், அவருக்கும் அப்படித்தான். எனக்கு ஏழு வயதில் மகள். விவாகரத்து ஆனபோது அவளுக்கு மூன்று வயது. அவருக்கு நாலு வயதில் மகன். அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே அவன் அம்மா தவறிவிட்டார். நிச்சயத்தை வீட்டிலேயே, நெருங்கின சொந்தத்தோடு மட்டும் வைத்துக்கொள்வதாக முடிவாகியிருந்தது. ஒரே ஒரு ஆசைதான் எனக்கு. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் குடிபோகிற வாடகை வீட்டு ஹாலில் மாட்ட, நாலு பேரும் இருக்கிற ஒரு படம். அந்த வீட்டுக்குள் முதல் தடவை நுழையும்போதே பிள்ளைகள் இரண்டு பேரும் தங்கள் முகத்தைச் சுவரில் பார்க்க வேண்டும். இது யாரோ வீடு, நாம் கூட வந்தவர்கள் என்கிற நினைப்பு அவர்களுக்கு ஒரு நாள்கூட வந்துவிடக் கூடாது. இத்தனை பாடும் அதற்காகத்தான்.

அவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அதனால் ஏற்பாடு முழுக்க என் தலையில். இன்ஸ்டாகிராமில் தேடி, படங்கள் அழகாக இருந்த ஒரு ஸ்டுடியோவைப் பிடித்தேன். மூன்று மணி நேரம், இரண்டு டிரஸ், திருத்திக் கொடுக்கும் படம் நாற்பது, ஒரு ஆல்பம், ஒரு ரீல் எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்பதை பில் வந்த பிறகுதான் பார்த்தேன். முன்பணம் 15,000. போனில் பேசினவர் மரியாதையாகத்தான் பேசினார். என்ன கலர் தீம், புகை விடுகிற கலர் குச்சி வேண்டுமா, ட்ரோன் வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டார். "கூட ரெண்டு குழந்தைங்க வருவாங்க" என்றேன். "சூப்பர் மேம், செம க்யூட்டா இருக்கும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வயசு என்ன, எத்தனை மணிக்குத் தூங்குவார்கள், புது ஆள் கிட்ட வந்தால் பயப்படுவார்களா, எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்: குழந்தைகள் வருகிறார்கள் என்றதும் வயதையும் தூக்க நேரத்தையும் கேட்காத போட்டோகிராபருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அவர் கல்யாண ஜோடிகளை நன்றாக எடுப்பவராக இருக்கலாம். குழந்தைகளை எடுத்துப் பழகாதவர். பழைய வேலைகளைக் காட்டச் சொல்லும்போது, குழந்தை கேமராவைப் பார்க்காமல் தன் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிற படங்களாகக் கேளுங்கள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற படத்தை ஒரு சாக்லேட்டைக் காட்டி யாரும் எடுத்துவிடலாம்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு பெசன்ட் நகர் வந்துடுங்க, கோல்டன் ஹவர் கிடைக்கும்" என்றார்கள். சூரியன் தாழ்ந்திருக்கும்போது கிடைக்கிற மெத்தென்ற வெளிச்சத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது. கோவாவிலோ கேரளாவிலோ சூரியன் கடலுக்குள் இறங்கும். நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் கடலிலிருந்து எழும்பும், ஊருக்குப் பின்னால் போய் மறையும். சாயங்காலம் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்கவைத்தால் மேற்கு வெயில் நேராகக் கண்ணில் விழும். பெரியவர்கள் எப்படியோ கண்ணை விரித்துச் சமாளிப்போம். குழந்தைக்கு முடியாது. எங்கள் முதல் படங்கள் எல்லாவற்றிலும் பிள்ளைகள் இரண்டு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கிறார்கள். சென்னையில் கடலோடு சேர்த்துக் குழந்தைகளை எடுக்க வேண்டுமென்றால் விடியற்காலைதான். ஜூன் தொடக்கத்தில் சூரிய உதயம் 5.40-ஐ ஒட்டி, ஜனவரிக் கடைசியில் 6.35-ஐ ஒட்டி இருக்கும். உதயத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் தொடங்கி ஒரு மணி நேரம் வரைக்கும் வெளிச்சம் மெத்தென்று இருக்கும். வெயில் முதுகுப் பக்கமிருந்து வருவதால் கண் கூசாது, மணலும் சுடாது. விடிகாலையில் குழந்தைகளை எழுப்புவது கஷ்டம் என்று தோன்றும். கடற்கரைக்குப் போகிறோம் என்று சொன்னால் நமக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேக்கப் போட வந்த பெண் இரண்டு மணிக்கு வந்தார். அதற்கு 6,000. அதுதான் தம்பி, அதாவது அவர் மகன், தூங்குகிற நேரம். வீட்டில் ஹேர் ட்ரையர் சத்தம், ஆள் நடமாட்டம், அவன் தூங்கவே இல்லை. பீச் பழக் கலர் தீம் என்று மகளுக்கு ஜரிகை வைத்த வலைத்துணி லெஹங்கா, தம்பிக்குக் குர்தா, இரண்டும் சேர்த்து 4,300. லெஹங்கா கழுத்து விளிம்பில் ஜரிகை உரசி உரசி அவள் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. அதை நான் ராத்திரி குளிக்க வைக்கும்போதுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சு மிட்டாய், பலூன், சுட்ட சோளம், குட்டி ராட்டினம், குதிரை. நாலு வயதுப் பையனை இதற்கு நடுவில் அழைத்துப்போய் "இங்க பாரு, கேமராவ பாரு" என்றால் அவன் எதைப் பார்ப்பான்? ராட்டினத்தைத்தான் பார்த்தான். கேட்டு அழுதான். "ஷூட் முடிஞ்சதும் போலாம்" என்று மூன்று பெரியவர்கள் மாறி மாறிச் சொன்னோம். அவனுக்கு அந்த வாக்கியம் 'கிடையாது' என்றுதான் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. போட்டோகிராபரோடு வந்த உதவியாளர் பையன், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயது இருக்கும், என் மகளைக் கொஞ்ச தூரத்தில் கொண்டுபோய் நிற்கவைத்தான். "பாப்பா, நீ அங்கேர்ந்து 'அப்பா'ன்னு சத்தமா கூப்பிட்டுட்டு ஓடி வந்து அவரைக் கட்டிப் பிடிச்சுக்கோ, ஓகேவா?" அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் குடும்பம் என்ன மாதிரி என்று அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை. என் மகள் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு அப்பா இருக்கிறார், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பார்க்கிறாள். அவள் நகரவில்லை. திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி அந்த மணலில் நின்று என்னையே பார்த்தாள். லெஹங்காவின் இரண்டு பக்கத்தையும் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள், விரல் வெளுத்துப்போகிற அளவுக்கு. "கூச்சமா? சும்மா கூப்பிடு பாப்பா" என்று அவன் மறுபடி சொன்னான். வேடிக்கை பார்க்க அதற்குள் ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம், "நிச்சயதார்த்த போட்டோவாம், புள்ளைங்க ரெண்டு இருக்கு பாரு" என்றார். குரலைத் தாழ்த்திக்கூடச் சொல்லவில்லை. மகளுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது. அவர்தான் முதலில் அவளிடம் போனார். கட்டிப்பிடிக்கவில்லை, தூக்கவில்லை. பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, "கூப்பிட வேண்டாம்டா, வா, தண்ணி குடிப்போம்" என்றார். நான் அவரைக் கல்யாணம் செய்துகொள்வது சரிதான் என்று அந்த நிமிஷம் உறுதியாகத் தெரிந்தது. மற்றபடி அந்தச் சாயங்காலத்தில் நல்லது எதுவும் இல்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: யார் யாருக்கு யார், குழந்தை யாரை எப்படிக் கூப்பிடும், எதைச் செய்யச் சொல்லக் கூடாது என்பதை போட்டோகிராபருக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுப்புங்கள். அவர் உதவியாளருக்கும் சொல்லியிருக்கிறாரா என்று இடத்துக்குப் போனதும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முத்தம் கொடு, கட்டிப்பிடி, மடியில் உட்கார் என்று குழந்தையிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்த நெருக்கம் வீட்டில் வந்திருந்தால் படத்தில் தானாக வரும். வராத நெருக்கத்தைக் கேமராவுக்காக வரவழைத்தால் அதன் பலனைப் பிறகு நாம்தான் வீட்டில் அனுபவிக்க வேண்டியிருக்கும். எங்கள் விஷயத்தில், அதற்குப் பிறகு சில வாரங்கள் அவர் வீட்டுக்கு வந்தாலே என் மகள் உள் ரூமுக்குப் போய்விடுவாள். அதற்கு முன்னால் கதவைத் திறந்துவிடுவதே அவள்தான்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. வெளிச்சம் குறைகிறது என்ற அவசரத்தில், அலை வந்து காலை நனைக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று தம்பியைத் தண்ணீர்ப் பக்கம் இறக்கினார்கள். நாங்கள் இரண்டு பேரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், உதவியாளர் வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற ரிஃப்ளெக்டர் தட்டியைப் பிடித்திருக்கிறார். குழந்தையைப் பார்க்க ஒருத்தர்கூட இல்லை. ஒரு பெரிய அலை வந்து திரும்பும்போது அவன் உட்கார்ந்துவிட்டான். இடுப்பு வரைக்கும் தண்ணீர், கீழே மணல் உருவிக்கொண்டு போகிறது. என்னவர் இரண்டே எட்டில் போய்த் தூக்கிவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அங்கிருந்து பார்த்தால் ஷ்மிட் நினைவகம் தெரிகிறது. வெள்ளையாக வளைவோடு நிற்குமே, எல்லாரும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோமே, அது அழகுக்காகக் கட்டினது இல்லை. 1930 டிசம்பர் 30-ஆம் தேதி அந்த இடத்தில் மற்றவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்காகக் கட்டினது. அந்தக் கடல் அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். நம் கரையில் சில அடி தள்ளினாலே சட்டென்று ஆழம் இறங்கும், திரும்பிப் போகிற இழுப்பு பெரியவர்களையே சாய்க்கும். ஆகவே ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், அவர் படத்தில் இருக்கக் கூடாது, அவர் கையில் போனும் இருக்கக் கூடாது. பாட்டியோ சித்தியோ மாமாவோ, பிள்ளைக்குப் பழகின ஆளாக இருக்கட்டும். தண்ணீர் குழந்தையின் கணுக்காலைத் தாண்டக் கூடாது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் பெரிய அலை எச்சரிக்கை கொடுத்தால் அது செய்தியில் வரும். அன்றைக்குத் தேதியை மாற்றிவிடுங்கள், முன்பணம் போனாலும் பரவாயில்லை. அடையாறு முகத்துவாரத்தில் 1977-ல் உடைந்துபோன பாலம் இருக்கிறதே, படத்துக்கு நன்றாக இருக்கும் என்று அங்கே கூப்பிடுவார்கள். குழந்தைகளோடு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெரிய கேமராவையும் விளக்கையும் பார்த்து ரோந்து போலீஸ் வந்து அனுமதி இருக்கிறதா என்று கேட்டார்கள். ஸ்டுடியோக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன். அது யார் பொறுப்பு என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அதோடு அன்றைய வேலை முடிந்தது. மீதிப் பணத்தைக் கொடுத்தால்தான் எடுத்த படங்களைத் தருவோம் என்றார்கள். பேரம் பேசி இன்னும் 10,000 கொடுத்து வாங்கினேன். மேக்கப், துணி, கார் எல்லாம் சேர்த்து 36,000-க்கு மேல் போயிற்று. நாலு பேரும் ஒழுங்காக இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பணம் எனக்கு ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். ராத்திரி பிள்ளைகள் தூங்கினபிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பணத்தோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். கொஞ்ச நாள் கழித்து அந்த ஸ்டுடியோ ஒரு ரீல் போட்டது. என் மகள் மணலில் நிற்பது, தம்பி அழுவது, இவர் அவனைத் தூக்குவது, எல்லாவற்றையும் மெதுவாக ஓடவிட்டு, சோகப் பாட்டு வைத்து, 'புது அப்பா, புது அம்மா, புது வாழ்க்கை' என்று எழுதி. என்னிடம் கேட்கவில்லை. தம்பியின் அம்மாவைப் பெற்ற பாட்டி தாம்பரத்தில் இருக்கிறார். கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். நிச்சயத் தேதியை நேரில் போய், தட்டு வைத்து, உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று இருந்தோம். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் போனில் காட்டிவிட்டாள். அன்று சாயங்காலமே போனோம். திட்டுவார் என்று நினைத்தேன். காபி போட்டுக் கொடுத்தார். பேரனை மடியில் வைத்துக்கொண்டு, "அவன் நல்லா இருந்தா எனக்கு அதுவே போதும்மா. ஆனா ஊருக்குக் காட்டறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டியிருக்கலாம்" என்றார். ஹாலில் அவர் மகள் படம் மாலையோடு இருந்தது. நான் தலை நிமிரவில்லை.

ரீலை எடுக்கச் சொன்னதற்கு, பில்லின் கடைசியில் 'படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்' என்று இருக்கிறதே என்றார்கள். இருந்தது, பொடி எழுத்தில். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது ஆகாதவர்களைக் குழந்தைகள் என்றுதான் வரையறுக்கிறது, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதைச் சொல்லி, புகார் கொடுக்கப் போகிறேன் என்று எழுதின பிறகுதான் எடுத்தார்கள். இன்ஸ்டாகிராமிலேயே குழந்தை படத்தை நீக்கச் சொல்லிப் பெற்றோர் புகார் கொடுக்க வழி இருக்கிறது, அதையும் செய்தேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த விளம்பர வரியை அடித்துத் தரச் சொல்லுங்கள். 'குழந்தைகள் முகம் எங்கேயும் வெளியே வரக் கூடாது' என்று எழுதி வாங்குங்கள். விவாகரத்து ஆகி, பிள்ளையைப் பார்க்கும் உரிமை பற்றி நீதிமன்ற உத்தரவு இருக்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளையை வைத்து வெளியே வருகிற ஒவ்வொரு படமும் அந்தப் பக்கத்தில் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளப்படும். படம் எடுக்கும் முன்னாலேயே யார் யாருக்கு நேரில் சொல்ல வேண்டுமோ சொல்லிவிடுங்கள். இறந்துபோனவரின் பெற்றோர் அந்த வரிசையில் முதலில் வர வேண்டும்.

படமே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு ராத்திரி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவளே அந்தப் பேச்சை எடுத்தாள். "அந்த அண்ணா சிரி சிரின்னே சொல்லிட்டிருந்தாங்கம்மா. எனக்கு அங்க குழி தோண்டணும்னு இருந்துச்சு, தண்ணி வர்ற வரைக்கும்." தம்பியைக் கேட்டால் அவனுக்கு நண்டு பிடிக்க வேண்டுமாம். இரண்டு பேருக்கும் கடற்கரை பிடித்திருந்தது, படம் எடுத்த விதம்தான் பிடிக்கவில்லை. கூட வேலை பார்க்கிற ஒரு அக்கா மூலமாக வேறொரு போட்டோகிராபர் கிடைத்தார். பெண், பெரும்பாலும் குழந்தைகளைத்தான் எடுப்பவர். ஒன்றரை மணி நேரத்துக்கு 12,000, ஆல்பம் கிடையாது, படங்களை மட்டும் கொடுப்பார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பசங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் பழக்கமா?"

திருவான்மியூர் கடற்கரை என்று முடிவு செய்தோம், விடியற்காலை. அவர் சொன்னபடி, ஒரு வாரம் முன்னால் கேமரா இல்லாமல் நாங்கள் நாலு பேரும் சும்மா போய்வந்தோம். அது எவ்வளவு நல்லதாயிற்று என்று சொல்கிறேன். நடந்துபோன வழியில் ஒரு ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிட வருகிற காலம். மூச்சு விட மேலே வர முடியாமல் வலையில் மாட்டிச் செத்து ஒதுங்குவதும் அப்போதுதான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. தம்பி குனிந்து பார்த்து, "தூங்குதா?" என்றான். இவர் கொஞ்சம் யோசித்து, "இல்லப்பா, செத்துப்போச்சு" என்றார். "அதோட பாப்பா?" என்று கேட்டான். மகள் சொன்னாள், "முட்டைலேர்ந்து அதுங்களா வெளில வந்து கடலுக்குப் போயிடும். எங்க மிஸ் சொன்னாங்க." அவன் அதைக் கேட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். படம் எடுக்கிற அன்று இது நடந்திருந்தால் அந்தக் காலை அதோடு போயிருக்கும். முன்னாலேயே நடந்ததால் பேச நேரம் இருந்தது. படம் எடுத்த நாளில் போட்டோகிராபர் எங்களுக்கு முன்னால் வந்து இடத்தை நடந்து பார்த்துவிட்டார். கண்ணாடிச் சில், தூண்டில் முள், நீல நிறத்தில் பளபளவென்று ஒதுங்கிக் கிடக்கிற சொறி மீன், எல்லாம் இருக்கும். சொறி மீனைத் தொட்டால் எரிச்சல் தாங்காது, குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். குப்பத்துப் பக்கம் எடுக்கிறீர்கள் என்றால் படகில் சாய்வதற்கும் வலைமேல் உட்காருவதற்கும் முன்னால் அங்கே இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவர்களுடைய பிழைப்பு. கேட்டால் அனேகமாகச் சரி என்பார்கள், நாங்கள் கேட்டதற்கு ஒரு அண்ணன் வலையையே ஓரமாக நகர்த்திக் கொடுத்தார்.

வந்த உடனே போட்டோகிராபர் கேமராவை வெளியே எடுக்கவில்லை. பிள்ளைகளோடு கால் மணி நேரம் உட்கார்ந்து நண்டு வளை தேடினார். பிறகு எழுந்து தள்ளிப்போய், தூரத்திலிருந்து எடுக்கிற நீள லென்ஸைப் போட்டுக்கொண்டார். எங்களுக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்று: குழந்தைகளுக்கு வேலை கொடுங்கள், அவர்கள் சொல்கிற வேலையை நீங்கள் செய்யுங்கள். மகள் குழி தோண்டினாள். இவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற ஊற்ற அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. "அங்கிள், சீக்கிரம்! இன்னொரு வாளி!" என்று அதட்டினாள். தம்பி என் முந்தானையில் ஈர மணலைக் கொட்டி மூட்டை கட்டினான். நடுவில் அவள் காலில் ஒட்டின மணலைத் தட்ட ஒற்றைக் காலில் நின்றாள், விழாமல் இருக்க இவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. அந்தப் படம்தான் இப்போது எங்கள் ஹாலில் இருக்கிறது. நாலு பேரில் ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. முதல் பிரதியைத் தாம்பரம் பாட்டிக்குத்தான் கொடுத்தோம்.

முக்கால் மணி நேரத்தில் தம்பிக்குப் பசி வந்துவிட்டது, அதற்குமேல் இழுக்கவில்லை. என் அம்மா இரண்டு பேரையும் அழைத்துப்போய்க் காரில் இட்லி கொடுத்தார். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்று எடுத்துக்கொண்டோம். எப்போதும் இந்த வரிசைதான் சரி. குழந்தைகள் முதலில், ஜோடி பிறகு. மாற்றினால் நாம் படம் எடுத்து முடிக்கும்வரை அவர்கள் காத்திருந்தே சலித்துப்போவார்கள்.

துணி விஷயத்தில் ஒரே கலர் தேடி அலையாதீர்கள். ஏற்கெனவே போட்டுப் பழகின பருத்தித் துணி போதும். வெள்ளை வேண்டாம், நனைந்தால் உள்ளே தெரியும். பாவாடை கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். செருப்பில்லாமல்தான் ஓடுவார்கள். ஆளுக்கு இரண்டு செட் மாற்றுத்துணி, இரண்டு துண்டு, கால் கழுவ ஐந்து லிட்டர் கேனில் நல்ல தண்ணீர். ஒட்டின மணல் போகப் பவுடர் தூவித் துடைத்தால் தேய்க்காமலே உதிர்ந்துவிடும். தின்ன வாழைப்பழமும் பொடி தடவின இட்லியும் சௌகரியம். சாக்லேட்டும் கலர் ஜூஸும் துணியிலும் வாயிலும் நின்றுவிடும். கிளம்பும் முன் வீட்டிலேயே பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லுங்கள், விடியற்காலையில் கடற்கரைக் கழிப்பறை திறந்திருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

இரண்டாவது போட்டோகிராபருக்கு நான் அனுப்பின வாட்ஸ்அப் செய்தியை இங்கே அப்படியே போடுகிறேன், வேண்டுமானால் உங்களுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம் மேடம். எங்கள் இருவருக்கும் இது மறுமணம். பெண் குழந்தை என் மகள், வயது 7. பையன் அவர் மகன், வயது 4. மகள் அவரை அங்கிள் என்றும் பையன் என்னை ஆன்ட்டி என்றும் கூப்பிடுவார்கள், மாற்றிக் கூப்பிடச் சொல்ல வேண்டாம். கட்டிப்பிடிக்க, முத்தம் கொடுக்கச் சொல்ல வேண்டாம். தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் இறக்க வேண்டாம். குழந்தைகள் முடியாது என்று சொன்னால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளலாம், கட்டணத்தில் குறைக்க மாட்டேன். அனுமதி வாங்குவது யார் பொறுப்பு என்று தெரிவிக்கவும். ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் எவ்வளவு, மழை வந்தால் வேறு தேதி உண்டா என்றும் சொல்லவும். படங்களையோ வீடியோவையோ எங்கேயும் வெளியிடக் கூடாது. உங்களுடன் வருகிறவர்களுக்கும் இதைத் தெரியப்படுத்தவும்."

இதற்கு வரி வரியாகப் பதில் வந்த பிறகு முன்பணத்தை ஜிபே பண்ணுங்கள். 'ஓகே மேம்' என்று மட்டும் வந்தால் இன்னொரு தடவை கேளுங்கள். மறுபடியும் 'ஓகே மேம்' என்றே வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.